உச்சியும் உச்சமும் ஒண்ணுதானா? ஒரு எட்டாங்கிளாஸ் நோட்டுல விழுந்த சிவப்புச் சுழி

கேள்வி இதுதான். பொண்ணு எட்டாவது படிக்கிறா, கட்டுரைல "அவன் மகிழ்ச்சியின் உச்சிக்கே போனான்"னு எழுதியிருக்கா, டீச்சர் "உச்சி"யைச் சுழிச்சு பக்கத்துல "உச்சம்"னு திருத்திட்டாங்க. வீட்ல அகராதியைப் புரட்டினா உச்சி, உச்சம், சிகரம், முகடு, கொடுமுடி எல்லாத்துக்கும் சுத்திச் சுத்தி ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கு, அப்புறம் எது எப்படித் தப்பாகும்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்வி. அந்தப் பாராவை முழுசா போட்டிருந்ததும் நல்லதாப் போச்சு, அதுல இன்னொரு சங்கதியும் இருக்கு, அதைக் கடைசில சொல்றேன்.

நான் ஒரு அச்சாபீஸ்ல இருபது வருஷத்துக்கு மேல புரூஃப் பார்த்தவன். இந்தச் சொற்களோட மல்லுக்கட்டினதுல எனக்கு ஒண்ணு தெளிவாச்சு, அகராதி "ஒரே பொருள்"னு போட்டிருக்கிற சொல்லுங்க வாக்கியத்துக்குள்ள வந்தா ஒண்ணு இடத்துல ஒண்ணு உட்காராது. திருச்சில இருக்கிறவர் உச்சிப் பிள்ளையார், அவரை உச்சப் பிள்ளையார்னு சொல்லிப் பாருங்க, ஏதோ ஜோசியக்காரர் பேசற மாதிரி இருக்கும். சிகரப் பிள்ளையார்னா கட்சி மாநாட்டு பேனர் மாதிரி ஆயிடும். முகட்டுப் பிள்ளையார்னா ஓட்டு மேல யாரோ வச்சுட்டுப் போன மாதிரி. அகராதில நாலும் ஒண்ணுதான், காதுக்கு நாலும் வேற வேற.

உச்சியில இருந்தே ஆரம்பிப்போம். உச்சின்னதும் நமக்கு மலை ஞாபகம் வருது இல்லையா, ஆனா தினப்படிப் பேச்சுல பாருங்க, அது தலையோட சொல்லு. பிறந்த குழந்தைக்குத் தலை நடுவுல மெத்துன்னு துடிச்சுக்கிட்டு இருக்குமே, அது உச்சிக்குழி, ஒண்ணரை வயசு வாக்குல மூடிடும், அதுவரைக்கும் பாட்டிமாருங்க அங்க எண்ணெய் வைக்கும்போது விரலே படாத மாதிரி வைப்பாங்க. சாப்பிடறப்ப புரையேறினா உச்சியிலதான் தட்டுறோம், அதனால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு தெரிஞ்சாலும் கை தானாப் போகுது. தலை சீவும்போது வகிடு எடுக்கிறதையே எங்க பக்கம் "நேர் உச்சி எடு, கோண உச்சி எடு"ம்பாங்க. ஊர்ல இருந்து வந்த பேரனை உச்சி மோந்தாங்கறோம். யாராவது ரெண்டு வார்த்தை புகழ்ந்துட்டா "உச்சி குளிர்ந்து போச்சு"ங்கறோம், குளிர்றது தலைதான், மலை இல்ல. ஒரு ஆளை மேலயும் கீழயும் அளந்து பார்த்தா உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பார்த்தான்னு சொல்றோம். இது நேத்து வந்த பழக்கமும் இல்ல, பத்துப்பாட்டுல முதல் பாட்டான திருமுருகாற்றுப்படைலயே "உச்சிக் கூப்பிய கையினர்"னு வருது, தலைக்கு மேல கை கூப்பி நிக்கிறவங்கன்னு அர்த்தம். இன்னைக்கும் சூரசம்ஹாரத்தன்னைக்கு திருச்செந்தூர் கடற்கரைல போய் நின்னா அதே கையைப் பார்க்கலாம்.

அதனால என் கணக்குல உச்சின்னா ஒரு இடம். தொடக்கூடிய இடம், எண்ணெய் வைக்கலாம், ஏறி நிக்கலாம், பிள்ளையாரை உட்கார வைக்கலாம். மரத்துக்கு உச்சி, மலைக்கு உச்சி, கோபுரத்துக்கு உச்சி, எல்லாமே அந்தந்தப் பொருளோட தலை. திருச்சி மலைக்கோட்டைல பாதி வழியில தாயுமானவர், கீழ இருந்து மொத்தம் நானூத்துச் சொச்சம் படி ஏறி முடிச்சா பாறையோட உச்சந்தலைல பிள்ளையார். உச்சாணிக் கொம்புங்கறதும் இந்த ஜாதிதான், ஆனா அதுல எப்பவும் கொஞ்சம் நக்கல் ஒட்டிக்கிட்டு வரும், "அவன் இப்ப உச்சாணிக் கொம்புல இல்ல உட்கார்ந்திருக்கான்"னா பாராட்டுன்னு எடுத்துக்காதீங்க.

தலைக்கு மேல போனா வானம். உச்சிவெயில், உச்சிப்பொழுது, உச்சிக்காலம். சிவன் கோயில்ல காலசந்தி முடிஞ்சு மத்தியானம் நடக்கிற பூஜைக்கு உச்சிக்காலம்னு பேரு, அது முடிஞ்சா நடை சாத்திடுவாங்க, 12 மணிக்கு மேல போய் பூட்டின கதவைக் கும்பிட்டுட்டு வந்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். உச்சிவேளைல புளியமரத்தடிப் பக்கம் போகாதே காத்து கருப்பு அடிச்சிடும்னு சின்ன வயசுல மிரட்டுவாங்களே, அதுவும் இதே உச்சிதான். சூரியன் நம்ம உச்சிக்கு நேரா நிக்கிற நேரம்னு அர்த்தம்.

இங்க ஒரு வேடிக்கை. சூரியன் நிஜமாவே உச்சிக்கு நேரா, நூல் பிடிச்ச மாதிரி வர்றது நம்ம ஊர்ல வருஷத்துக்கு ரெண்டே நாள்தான். சென்னைல ஏப்ரல் 24 வாக்குல ஒரு தடவை, ஆகஸ்ட் 18 வாக்குல இன்னொரு தடவை. கன்னியாகுமரில ஏப்ரல் 10, 11லயே வந்துடும், ஆகஸ்ட் முடிஞ்சு செப்டம்பர் பிறக்கிறப்ப திரும்ப வரும். அன்னைக்கு நடுப்பகல்ல ஒரு கம்பை நேரா நட்டு வச்சா நிழல் கம்புக்கு அடியிலயே ஒளிஞ்சுக்கும், நிழலில்லா நாள்னு இப்ப ஸ்கூல்ல எல்லாம் செஞ்சு காட்டுறாங்க. அதுவும் கடிகாரத்துல சரியா 12க்கு நடக்காது, நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது, சென்னை அதுக்கு மேற்கால இருக்கு, அதனால ஏப்ரல்ல 12 தாண்டி ஒரு ஏழு நிமிஷம் ஆகும். கடகரேகைக்கு வடக்க இருக்கிற டெல்லிக்காரங்களுக்கு இந்த பாக்கியமே கிடையாது, அங்க சூரியன் ஆயுசுக்கும் உச்சிக்கு வராது, கொஞ்சம் தெற்கால சாஞ்சே போயிடும். உச்சிவெயில்ங்கற சொல்லு எழுத்துக்கு எழுத்து உண்மையா இருக்கணும்னா நம்ம மாதிரி கடகரேகைக்குத் தெற்க இருக்கணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உச்சிவெயில் 12 மணிக்கு. ஆனா அன்னைக்கு வெப்பம் எப்ப ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்? 12க்கு இல்ல, உள்மாவட்டங்கள்ல ரெண்டு மூணு மணிக்கு. தரை சூடாகி அந்தச் சூடு காத்துல ஏற நேரம் பிடிக்கும், கடலோரத்துல கடல்காத்து சீக்கிரம் உள்ள வந்துட்டா முன்னாடியே இறங்க ஆரம்பிச்சுடும், அது வேற கதை. அப்ப சூரியன் உச்சியில இருக்கிறது 12க்கு, வெப்பம் உச்சத்துல இருக்கிறது ரெண்டரைக்கு. ஒரே நாள், ஒரே சூரியன், உச்சி வேற உச்சம் வேற. உச்சி எங்கங்கற கேள்விக்கு பதில், உச்சம் எவ்வளவுங்கற கேள்விக்கு பதில். பொண்ணுக்கு இதை மட்டும் சொன்னாக்கூடப் போதும், நான் சொல்ற மீதி எல்லாம் இதோட வாலுதான்.

உச்சம் சம்ஸ்கிருத "உச்ச"ல இருந்து வந்தது, அதுல சண்டை இல்ல. உச்சி அதோட தங்கச்சியா, இல்ல தனியா நம்ம வீட்ல பிறந்த சொல்லாங்கறதுல அறிஞர்களுக்குள்ள ரெண்டு கட்சி உண்டு, அதுக்குள்ள நான் தலையை விடல. உச்சம்னா ஒரு அளவு ஏறி ஏறி அதுக்கு மேல போகாம நிக்கிற நிலை. விலை, வெயில், கோபம், புகழ், காய்ச்சல், மின்தேவை இதெல்லாம் உச்சம் தொடும். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டோட மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டப்ப பத்திரிகைல "புதிய உச்சம்"னு போட்டாங்க, சரியான பிரயோகம். அதையே "புதிய உச்சி"ன்னு போட்டிருந்தா ஈபிக்காரங்க ஏதோ மலையேறப் போயிட்டாங்கன்னு நினைச்சிருப்போம். பாட்டுல மேல் ஸ்தாயிக்கு முறைப்படி தாரஸ்தாயின்னு பேரு, ஆனா ஜனங்க வாயில அது உச்சஸ்தாயி, வீட்ல யாராவது கத்தினாலும் "ஏன் உச்சஸ்தாயில பேசற"ன்னு கேக்கறோம். அதுவும் அளவுதான், சத்தத்தோட அளவு.

தங்கம் விலைக்கு மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "வரலாறு காணாத புதிய உச்சம்"னு திங்கள்கிழமை ஒரு தலைப்பு, புதன்கிழமை அதே தலைப்பு, வெள்ளிக்கிழமை அதே தலைப்பு, எழுத்துக் கோத்ததைப் பிரிக்காம அப்படியே வச்சுடலாம் போல. உச்சம்ங்கறது இறங்க ஆரம்பிச்ச பிறகுதான் தெரியும், ஏறிக்கிட்டே இருக்கும்போது அது வெறும் ஏத்தம். சரி, பத்திரிகைக்காரங்களும் பொழைக்கணும். ஆனா "மிக உச்சம்", "அதிகபட்ச உச்சம்"னு எழுதிக்கிட்டு வர்றவங்களை நான் விட்டதே இல்ல, உச்சத்துக்கு மேல மிக எங்க இருந்து வரும்.

இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டுல ஊர் ஊரா நடமாட விட்டதுல ஜோசியத்துக்குப் பெரிய பங்கு உண்டுன்னு எனக்கு ஒரு எண்ணம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் ஆட்சி, உச்சம், நீசம் தெரியும். சூரியன் மேஷத்துல உச்சம், சந்திரன் ரிஷபத்துல, செவ்வாய் மகரத்துல, புதன் கன்னியில, குரு கடகத்துல, சுக்கிரன் மீனத்துல, சனி துலாத்துல. எந்த ராசியில உச்சமோ அதுக்கு நேர் எதிர்ல, ஏழாவது வீட்ல நீசம். சூரியனுக்கு உச்சமான மேஷம் சனிக்கு நீசம், சனிக்கு உச்சமான துலாம் சூரியனுக்கு நீசம், அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஆகாதுங்கற புராணக் கதைக்கு ஏத்த மாதிரி அமைச்சிருக்காங்க. ஜோசியத்தை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், நமக்கு வேண்டியது சொல்லு. உச்சத்துக்கு எதிர்ச்சொல் கேட்டா ஜோசியம் நீசம்னு பட்டுனு பதில் சொல்லும், உச்சிக்கு எதிர்ச்சொல் கேட்டா அடி, அடிவாரம், உள்ளங்கால்னு ஒவ்வொரு பொருளுக்கும் ஒண்ணு வரும். இதுவே ரெண்டும் வேறன்னு காட்டுது.

சொல்ல விட்டுட்டேனே, சூரியன் மேஷத்துல பத்தாவது பாகைல, அதாவது பத்தாவது டிகிரில, பரம உச்சம்னு கணக்கு. சித்திரை 1 அன்னைக்கு மேஷத்துல நுழையறவர் நாளைக்கு ஒரு பாகை வீதம் நடந்து பத்தைத் தொடறப்ப சித்திரை 10, 11 ஆயிடும், அதாவது ஏப்ரல் 24 வாக்குல. மேல சொன்ன சென்னை நிழலில்லா நாளும் அதேதான்! ஜாதகத்துல உச்சம், தலைக்கு மேல உச்சி, ரெண்டும் ஒரே வாரத்துல. தற்செயல்தான், ஜோசியம் எழுதினவங்க மயிலாப்பூர்ல உட்கார்ந்து எழுதல. இருந்தாலும் எனக்கு இது தெரிய வந்தப்ப ஒரு சின்ன சந்தோஷம், பக்கத்துல யாருகிட்டயும் சொல்ல முடியல, அதான் இங்க.

அரசாங்கத் தமிழ்ல உச்சம் வர்ற இடமெல்லாம் அளவு, வரிசை சம்பந்தப்பட்டதுதான். உச்சநீதிமன்றம்னா மேல ஏற இன்னொரு படி இல்லாத கோர்ட். உயர்நீதிமன்றம் அதுக்குக் கீழ. இதுல இலங்கைத் தமிழ் படிக்கிறவங்க ஒரு இடத்துல தடுக்கி விழுவாங்க, அங்க உயர் நீதிமன்றம்னா நம்ம உச்சநீதிமன்றத்துக்கு சமமானது, நம்ம உயர்நீதிமன்றம் மாதிரி இருக்கிறதுக்கு அங்க மேல் நீதிமன்றம்னு பேரு. கொழும்புச் செய்தில "உயர் நீதிமன்றம் தீர்ப்பு"ன்னு பார்த்துட்டு இன்னும் மேல போய் அப்பீல் பண்ணலாமேன்னு நினைச்சீங்கன்னா அவ்வளவுதான், அதுக்கு மேல அங்க கோர்ட் இல்ல. நில உச்சவரம்புச் சட்டம் 1961ல வந்தது, ஒரு குடும்பம் 30 ஸ்டாண்டர்ட் ஏக்கருக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னு, 1970ல அதை 15ஆக் குறைச்சாங்க. வரம்புன்னா வயல் வரப்புதான், நிலத்தைப் பத்தின சட்டத்துக்கு வயல்ல இருந்தே ஒரு சொல்லை எடுத்துக் கட்டியிருக்காங்க, அந்த மொழிபெயர்ப்பை யார் பண்ணாங்களோ அவங்களுக்கு ஒரு கும்பிடு.

அப்ப உச்சி மாநாடு மட்டும் ஏன் உச்சி? ஏன் உச்ச மாநாடு இல்ல? ஏன்னா அது மலையில இருந்து வந்தது. 1950 பிப்ரவரில எடின்பரோல சர்ச்சில் பேசும்போது சோவியத்தோட பெரிய தலைங்க நேரா உட்கார்ந்து பேசணும்ங்கறதுக்கு மலைச் சிகரத்தைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லைப் போட்டார், அது ஒட்டிக்கிச்சு. தமிழ்ல அதை உச்சி மாநாடுன்னு ஆக்கினாங்க. 2023ல டெல்லில நடந்தது ஜி20 உச்சி மாநாடு. தலைவர்கள் கூடறதுக்குத் தலையோட சொல்லே வந்து அமைஞ்சது நல்லாத்தான் இருக்கு.

உச்சகட்டமா உச்சக்கட்டமான்னு சண்டை ஒண்ணு இருக்கு. மரம் கிளை மரக்கிளை ஆகற மாதிரி உச்சம் கட்டம் உச்சக்கட்டம் ஆகணும், விதி அதான். ஆனா பத்திரிகைல பாதிப் பேர் நடுவுல வர்ற "க்"கன்னா ஒத்து இல்லாமதான் போடறாங்க. நான் ஒத்து போட்டுத் திருத்துவேன், மறுநாள் அது இல்லாம அச்சாகி வரும்.

சிகரத்துக்கு வருவோம். இதுவும் சம்ஸ்கிருதம்தான். இது உச்சி மாதிரி ஒரு புள்ளி இல்ல, கண்ணுக்குத் தெரியற மாதிரி தனியா எழும்பி நிக்கிற ஒரு உருவம். எவரெஸ்ட் சிகரம்னா அந்த மலையே, எவரெஸ்ட் உச்சின்னா 8,848.86 மீட்டர்ல கால் வைக்கிற அந்த இடம். கோயில் கட்டடக் கலைல இது இன்னும் கறாரா இருக்கும். வடநாட்டுக் கோயில்ல கருவறை மேல இருக்கிற கோபுரம் முழுக்க சிகரம். நம்ம பக்கம் அது முழுக்க விமானம், அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபின்னு ஆறு அங்கம், கீழ இருந்து ஆறுமே மனுஷ உடம்பு மாதிரி, கிரீவம்னா கழுத்து, அதுக்கு மேல இருக்கிற சிகரம்தான் தலை. 1010ல முடிஞ்ச தஞ்சாவூர் பெரிய கோயில்ல எட்டுப் பட்டையா மேல உட்கார்ந்திருக்கே, அது மட்டும்தான் சிகரம். பாருங்க, இங்கயும் சுத்தித் திரும்பித் தலைக்கே வந்துட்டோம்.

தமிழ்ல இதுக்குப் பழைய சொல்லுங்க ஊர்ப் பேர்ல ஒளிஞ்சு கிடக்கு. கோடுன்னா மலைமுகடு, கொம்புன்னும் அர்த்தம், திருச்செங்கோடுன்னா சிவந்த மலை. கொடுமுடின்னாலும் சிகரம்தான். ஈரோடு பக்கம் காவிரிக் கரைல கொடுமுடி இருக்கே, பஸ்ல இறங்கினா மலையே இருக்காது, ஆத்தங்கரைச் சமவெளி. ஆதிசேஷனுக்கும் வாயுவுக்கும் நடந்த சண்டைல மேருமலை உடைஞ்சு அதோட முடி ஒண்ணு இங்க வந்து விழுந்ததுன்னு தலபுராணம் சமாளிக்குது. கே.பி.சுந்தராம்பாள் பிறந்த ஊர், அவங்க குரலைக் கேட்டவங்க சிகரம் எங்கன்னு கேக்க மாட்டாங்க. முடிங்கற சொல்லு தனியா வந்தா மயிர், கிரீடம், மலையுச்சி மூணும் அதுதான். தென்னிந்தியாவுல உயரமானது ஆனைமுடி, 2,695 மீட்டர், இடுக்கில இருக்கு, யானையோட மண்டை மாதிரியே இருக்கும். நம்ம தொட்டபெட்டா 2,637. 58 மீட்டர்ல விட்டுட்டோம்.

முகடு எனக்குப் பிடிச்ச சொல்லு. ரெண்டு பக்கமும் சரிவு வந்து சேர்ற கோடுதான் முகடு. ஓட்டு வீட்ல ரெண்டு பக்கக் கூரையும் மேல வந்து முட்டற இடம், அங்க கவுத்து வைக்கிறது மோட்டு ஓடு, வேலை இல்லாம படுத்துக்கிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு இருக்கான்னு திட்டறது அந்த இடத்தைத்தான். பள்ளிக்கூடத்துல அலையோட மேல் வளைவுக்கு முகடு, கீழ் வளைவுக்கு அகடுன்னு வச்சிருக்காங்க, முகடு அகடு, என்ன அழகு. புள்ளியியல்ல ஜாஸ்தி தடவை வர்ற எண்ணுக்கும் முகடுன்னுதான் பேரு, அந்தப் பட்டியலை வரைபடமாப் போட்டா அது இருக்கிற இடத்துலதான் கூரை மாதிரி எழும்பும்.

உச்சின்னு கேட்டதும் எல்லாத்தையும் ஒரே குடும்பம்னு சேர்த்துடாதீங்க. தென்மாவட்டத்து உச்சினிமாகாளி உச்சியில இருக்கிறதால வந்த பேர் இல்ல, உஜ்ஜயினி மாகாளிதான் உச்சினிமாகாளி ஆனா. உச்சுக் கொட்டறது வாய்ச் சத்தம். சின்னப் பிள்ளைங்க உச்சா போறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.

இப்ப உங்க பொண்ணு வாக்கியம். "மகிழ்ச்சியின் உச்சிக்கே போனான்." மகிழ்ச்சி அளவு, அதனால உச்சம்தான் வரணும்னு டீச்சர் நினைச்சிருப்பாங்க, அது நியாயம். ஆனா பொண்ணு "போனான்"னு எழுதியிருக்கா, அதுவும் "உச்சிக்கே"ன்னு ஒரு ஏ போட்டு. அதாவது மகிழ்ச்சியை ஒரு மலையா ஆக்கி அவனை அதுல ஏத்தி விட்டிருக்கா. மலைன்னு வந்துட்டா உச்சிதானே. இப்படி எழுதற வழக்கமும் நிறைய இருக்கு. "மகிழ்ச்சி உச்சியை அடைந்தது"ன்னு மகிழ்ச்சியையே ஏத்தி விட்டிருந்தா நானும் பேனாவைத் திறந்திருப்பேன், அங்க உச்சம்தான் சரி. அவ எழுதினதைச் சுழிச்சிருக்க வேண்டாம், பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாப் போதும்.

ஆனா அதே பாராவுல மூணாவது வரி பாருங்க, "மலையின் உச்சத்தில் ஒரு முருகன் கோயில் இருந்தது." மலை நிஜ மலை, கோயில் நிஜக் கோயில், எங்க இருக்குன்னுதான் சொல்ல வர்றா, அங்க உச்சியில்னு வரணும். அதை டீச்சர் சுழிக்கல, நீங்களும் கவனிக்கல. டீச்சர்கிட்ட இதைக் கொண்டு போகாதீங்க, போனா அதுக்கும் மார்க் போயிடும். வீட்லயே திருத்திக்கச் சொல்லுங்க.